திண்டுக்கல் கணக்கில் போன சீசன் டிக்கெட்

எங்கள் ஹால்ட்டை ஸ்டேஷன் என்று சொன்னால் ஸ்டேஷனுக்கே வெட்கம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஓர் ஆள். பிளாட்பாரம் கிடையாது, ஒரு கையில் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தொங்கித்தான் ஏற வேண்டும். மதுரைப் பாசஞ்சர் காலையிலும் சாயங்காலமும் ஒரு நிமிஷம் நிற்கும். எண்பதுகளில் நான் அதில்தான் திண்டுக்கல்லுக்கு வேலைக்குப் போனேன்.

தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பஸ்ஸுக்கு நாலு மைல் நடக்க வேண்டும், அப்பா விடமாட்டார். ரயில் என்றால் நான் ஏறுவது வீட்டு வாசலிலிருந்தே தெரியும் என்றுதான் அனுப்பினார். வேலை நின்றால் அடுத்த முகூர்த்தத்தில் என்னைத் தள்ளிவிடத் தயாராக இருந்தார். மாப்பிள்ளை ஒரு மில் மேஸ்திரி, அவருக்கு நான் ரெண்டாந்தாரம்.

அந்த ஹால்ட்டில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் பெரியவீட்டுக்காரர். பாதை போட அவர் தாத்தா நிலம் கொடுத்தாராம், அதற்காகத்தான் வெள்ளைக்காரன் இங்கே ரயிலை நிறுத்தினானாம். ஹால்ட்டுக்கு இதைத் தவிர வேறு சரித்திரம் கிடையாது. இருந்த ஒரே பெஞ்சில் துண்டை விரித்து அவர் உட்காருவார், நாங்கள் நிற்போம். டிக்கெட் எடுக்கவே மாட்டார். "எங்க நெலத்துல நிக்கிற ரயிலுக்கு நானே காசு குடுக்கணுமாக்கும்?"

டிக்கெட் விற்பனை இல்லை, ஹால்ட்டை மூடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒருநாள் காலை ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சைக் காட்டி, "சார், டிக்கெட் இல்லாமப் போறது அந்தா உக்காந்திருக்காரே, அவரும் அவர் வீட்டு ஆளுகளுந்தான். நாங்க அம்புட்டுப் பேரும் ஒழுங்காத்தான் போறோம்" என்று கத்திவிட்டேன். கத்திய கையோடு என் சீசன் டிக்கெட்டை நீட்டினேன். பின்னாலேயே ஏழெட்டுப் பேர் அவரவர் சீசனை நீட்டினார்கள்.

அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதெல்லாம் எங்கம்மா வாங்குனது?"

"திண்டுக்கல் ஸ்டேஷன்ல சார். இங்க சீசன் குடுக்க மாட்டாங்கல்ல."

"அப்ப இது திண்டுக்கல் கணக்கும்மா. இந்த ஹால்ட்டுக்கு நீங்களும் ஒண்ணுதான், அவரும் ஒண்ணுதான்."

பெரியவீட்டுக்காரர் பெஞ்சு குலுங்கச் சிரித்தார். "ஏ புள்ள, என்னையச் சொன்னியே! நானாச்சும் நெலம் குடுத்தவன் பேரன். நீ என்னத்தக் குடுத்த?" அந்த நாக்கு அழுகிப் போக என்று மனசுக்குள் சபித்தேன்.

மறுநாளிலிருந்து சீசனைப் பைக்குள் வைத்துக்கொண்டே தினமும் கொட்டகையில் ஒரு டிக்கெட் வாங்கினேன். மற்றவர்களையும் வாங்கச் சொன்னேன். "ஒனக்கென்ன கிறுக்கா டீச்சர்?" என்றார்கள்.

ரெண்டே மாசத்தில் மூடும் உத்தரவைக் கொட்டகையில் ஒட்டிவிட்டார்கள். அப்படியும் உத்தரவு அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலை எல்லோரும் போய் நின்றோம். பாசஞ்சர் வேகம் குறையாமல் வந்தது. பெரியவீட்டுக்காரர் துண்டை வீசி வீசி நிறுத்தப் பார்த்தார். வெட்கங்கெட்டு அவர் பக்கத்திலேயே நின்று நானும் கையை ஆட்டினேன். ரயில் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பினேன். வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த அப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"மேஸ்திரி வீட்டுக்குத்தான். செத்த நேரத்துல வந்துர்றேன்."