முன்னறையின் தாழ்ந்த மூலை

செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு முன்னறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று சொன்னது என் மனைவி. அதற்கு முன் டைல்ஸ் போட வேண்டும். பழைய சிமெண்ட் தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. மேஸ்திரி குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். ஜன்னல் மூலை மட்டும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. அங்கே கடப்பாரையால் தட்டினார். சத்தம் கீழே போய்த் திரும்பி வந்தது.

“கீழ ஏதாவது இருந்துச்சா சார்?”

மனைவிதான் பதில் சொன்னாள். “கிணறு. நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, சார்தான் மண்ணு ரொப்பி மூடுனாரு.”

நான் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். வாத்தியார் செய்த வேலையென்றால் சரியாகத்தான் இருக்கும் என்று மேஸ்திரி சிரித்தார். மண் அமுங்கியிருக்கும், ஜல்லிக் கலவை போட்டு ஏற்றிவிடலாம் என்றார்.



அந்தக் கிணற்றை நான் ரொப்பவில்லை. அவள் குழந்தையோடு திரும்புவதற்குள் கிணற்றின் மேல் இந்த அறையைக் கட்டி முடித்துவிடும் அவசரம் எனக்கு. வண்டி வண்டியாக மண் கொட்டியும் அடியில் தண்ணீர்தான் தெரிந்தது. கடைசியில் வாயின் குறுக்கே கருங்கல் பலகைகளை அடுக்கி, மேலே ஒரு முழம் மண் பரப்பித் தரை பூசச் சொன்னேன். அவளிடம் முழுக்க ரொப்பியாயிற்று என்றேன். நாற்பது வருடம் அப்படியே போயிற்று.

இப்போது அந்தக் கற்களின் மேல் ஜல்லி ஏறியது, கலவை ஏறியது, டைல்ஸ் ஏறியது. ஒவ்வொரு சட்டி விழும்போதும் சொல்லிவிட நினைத்தேன். சொல்லவில்லை.

பத்தாம் நாள் புதுத் தரையில் மயிரிழையாய் ஒரு பிளவு. மறுநாள் அது வளைந்து நீண்டிருந்தது. கிணற்றின் வாய் எவ்வளவு அகலம் என்பது எனக்குத் தெரியும்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் ஒரு குடும்பம், குழந்தைகளோடு, அன்று மதியம் வருவதாக இருந்தது. மனைவி பாய்களை எடுத்துப்போய் அந்த மூலையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

“அங்க நிக்காத. வெளிய வா,” என்றேன்.

“ஏன்?”

“மண்ணு ரொப்பல. கல்லு வச்சு மூடினதுதான்.”

அவள் காலடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு அடியாக, வாசற்படிக்கு வந்தாள்.

“பாப்பா அந்த மூலையிலதானே தவழ்ந்தா,” என்றாள்.

 அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் மேஸ்திரியை அழைத்து, தரையை உடைக்க வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். முழுவதையும் சொன்னேன்.

அவர் வருவதற்குள், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஏதோ சிறியதாகப் பெயர்ந்தது. சற்றுக் கழித்து, தண்ணீரில் விழும் சத்தம். இருவரும் கேட்டோம். அவள் என் பக்கம் திரும்பவில்லை.