சீமைக்கருவேலத்துக்குத் தண்ணீர்

நான் இப்போது குடியிருக்கும் ஊரில், திங்கட்கிழமை தவிர மற்ற எல்லா நாளும், காலை பதினோரு மணிக்கு ஒருவர் நடுத்தெருவில் சுடப்பட்டுச் சாகிறார். அவர் பெயர் டேல். சுற்றுலா வந்தவர்கள் பலகை பாவிய நடைபாதையில் நின்று கைதட்டுவார்கள். செத்தவர் எழுந்து புழுதியைத் தட்டிவிட்டு, சிவப்புச் சாயம் ஊறிய சட்டையோடு எதிர்க்கடையில் போய்க் காபி குடிப்பார். வந்த புதிதில் அந்த வெடிச்சத்தம் கேட்டு, வாங்கிய பாலை ரோட்டிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியவள் நான். இப்போதெல்லாம் சத்தம் கேட்டதும் குக்கரை அடுப்பில் ஏற்றுகிறேன். அவர் காபி குடித்து முடிப்பதற்குள் எனக்குச் சோறு வெந்துவிடும்.

அரிசோனாவின் பாலை நிலத்தில் இருக்கிறது இந்த ஊர். ஒரு காலத்தில் வெள்ளி தோண்டினார்கள். வெள்ளி தீர்ந்ததும் அந்தப் பழைய கதையையே தோண்டி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். பழைய சிறைச்சாலைக்குள் போய்க் கம்பிக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள டிக்கெட் வாங்க வேண்டும். இருட்டுச் சுரங்கத்துக்குள் போக ஒரு டிக்கெட், ஆளில்லாமல் இடிந்து கிடக்கும் பக்கத்து ஊரைப் பார்க்க இன்னொன்று. ஆளில்லாத வீடுகளை மல்லாங்கிணற்றுப் பக்கம் நாங்கள் சும்மாவே பார்த்திருக்கிறோம். ஊரின் மிகப் பழைய கட்டடம் நூற்றுச் சொச்சம் வயதான கோர்ட்டு. அதன் சுவரைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கும் ஆட்கள் உண்டு. திருச்சுழிக் கோயில் தூணில் சாய்ந்து புளியோதரை தின்ற எனக்கு அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாது. வெயிலில் நடப்பதற்கு 'ஹைக்கிங்' என்று இங்கே பெயர். அதற்கென்று தனித் தொப்பி, தனிச் செருப்பு, தனிக் கைத்தடி. நரிக்குடியில் கடைசி பஸ்ஸை விட்டவர்கள் செய்வதும் அதேதான், அவர்கள் திட்டிக்கொண்டே செய்வார்கள்.

கேலி செய்கிறேனே தவிர, இந்த வேலை எனக்கு உயிர். அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவள் நான். என் கணவர் முத்துராஜ் நரிக்குடிக்காரர். தாமிரச் சுரங்கத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்து அவர் இங்கே வந்தார், நான் பின்னாலேயே வந்தேன். வேலை பார்க்கும் அனுமதி எனக்கு வரும்வரை வருடக்கணக்கில் ஜன்னலும் நானுமாக இருந்தோம். பகலில் பேசுவதற்கு ஆள் இல்லாமல் இட்லிப் பானையிடம் பேசியிருக்கிறேன். பிறகுதான் ஊரின் விசிட்டர் சென்டரில், மலையடிவாரப் பாதையில் ஆட்களை அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டும் கைடு வேலைக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். எடுத்தவர் வேறு யாருமில்லை, தினமும் சாகும் டேல்தான். சின்ன ஊர் என்பதால் சென்டருக்கும் அவரே பொறுப்பு, மலைப்பாதைக்கும் அவரே பொறுப்பு. சீசன் முடிவில் ஒருநாள் என்னோடு அவரும் நடந்து வருவார், நான் பேசுவதைக் கேட்பார், வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்கே சொல்லிவிடுவார் என்பது ஏற்பாடு.

அந்த நாளுக்கு முந்தைய வாரம், மலைப்பாதையைச் சுத்தப்படுத்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்து இந்த மண்ணைக் கெடுக்கும் செடியைப் பிடுங்கும் வேலை. கணவரையும் கூட்டிக்கொண்டு போனால் டேலுக்கு நம் குடும்பத்தின் மேல் நல்ல எண்ணம் வருமே என்று எனக்கு ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும் என்றவரை எழுப்பி, கொத்துக்கறி செய்து தருவதாகச் சொல்லி, வண்டியில் ஏற்றினேன்.

டேல் எல்லாரையும் நிற்க வைத்து, பிடுங்க வேண்டிய செடியின் படத்தைக் காட்டி விளக்கியபோது இவர் தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார். நான் முன்னால் நின்று கையுறை கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்து மண்ணைக் கெடுக்கும் செடி என்பது மட்டும் இவர் காதில் விழுந்திருக்கிறது. நரிக்குடிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு? அவருக்குத் தெரிந்து உலகத்தில் அப்படி ஒரு செடிதான் உண்டு. கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாக மேட்டில் ஏறிவிட்டார்.

அங்கே வரிசையாக நின்றிருந்தன, முழங்கால் உயரத்தில், சீமைக்கருவேலங்கன்றுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியில் சின்னதாக நீலக் கொடி. நம் ஊரில் ரோடு அகலப்படுத்த வருகிறவர்கள், வெட்ட வேண்டிய மரத்துக்கு முதல்நாளே பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போவார்கள். குறி விழுந்த மரம் மறுநாள் இருக்காது. இவர் அந்தக் கொடிகளை அப்படித்தான் படித்திருக்கிறார். சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், கண்மாயை ஒட்டிய தன் புஞ்சையை அந்த மரத்திடமிருந்து காப்பாற்ற ஆயுசில் பாதியைச் செலவழித்தவர். மகன் வேரோடு தோண்டினார். அன்றைக்கு வந்திருந்தவர்களிலேயே ஒழுங்காக வேலை செய்தவர் அவர்தான்.

மேட்டில் ஏறிப் பார்த்த டேல் தொப்பியைக் கழற்றினார். சுடப்பட்டு விழும்போதுகூட அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நட்டு வளர்க்கும் கன்றுகள் அவை. ஆட்கள் மிதித்துவிடக் கூடாதென்று வைத்த கொடி அது. சீமைக்கருவேலத்தின் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான். இங்கே அதற்கு மெஸ்கீட் என்று பெயர், அதன் நெற்றை மாவாக அரைத்து பிஸ்கட் சுட்டு, எங்கள் சென்டரிலேயே விற்கிறோம். நம் ஊரில் நிற்பதும் இங்கே நிற்பதும் வேறு வேறு வகை, நெருங்கிய உறவு மட்டுமே என்று டேல் விளக்கினார்.

"பங்காளிகதான?" என்று என்னிடம் தமிழில் கேட்டார் இவர்.

அதோடு முடியவில்லை. அன்றைக்குப் பிடுங்க வேண்டியதாக இருந்தது ஒரு புல். அந்தப் படத்தை டேல் இவரிடம் நீட்டியபோதுதான் நானும் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். நம் கொழுக்கட்டைப் புல்லேதான். ஆடு அதைத் தின்றால் தளதளவென்று ஆகிவிடும் என்று ஊரில் தேடித் தேடி அறுப்பார்கள். இங்கே அது வந்தேறி. காய்ந்தால் தீப்பிடித்து மலையையே எரித்துவிடுமாம். இவர் கன்றுகளைத் தோண்டும்போது அந்தப் புல்லின் மேல் கால் படாமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். ஒரு தூருக்குப் பக்கத்திலிருந்த கல்லை வேறு அப்புறப்படுத்தி வைத்திருந்தார்.

இந்த மரம் உங்கள் தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்துவிடும் என்று டேலை எச்சரித்துவிட்டுத்தான் இவர் கீழே இறங்கினார். வண்டியில் வரும்போதும் அதே கவலை.

"பாவம்ல இவுக. வெவரம் தெரியாம வளக்குறாக."

"என் வேலை போச்சு. அது ஒங்களுக்குக் கவலையா தெரியலையாங்க?"

அன்றைக்கு வீட்டில் கொத்துக்கறி கிடையாது. அந்த வாரம் முழுவதும் பதினோரு மணி வெடிச்சத்தம் கேட்டும் நான் குக்கர் வைக்கவில்லை. மறுபடியும் ஜன்னலும் நானுமாக ஆகிவிடுவோமோ என்று பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

டேல் என்னோடு நடக்கும் நாள் வந்தது. பதினோரு மணிக்குச் செத்துவிட்டு, சட்டைகூட மாற்றாமல் கூட்டத்தின் பின்னால் வந்து நின்றார். சுரங்கக் கதை, சிறைச்சாலைக் கதை எல்லாம் சொல்லிக்கொண்டு மேட்டுக்கு வந்தோம். குழிகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இங்கே என்ன ஆயிற்று என்று ஓர் அம்மாள் கேட்டார். காட்டுப்பன்றி கிளறிவிட்டது என்று சொல்ல நான் தயாராக வந்திருந்தேன். இந்த மலையில் பன்றிகள் உண்டு, அவை வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் பின்னால் நின்ற டேலின் முகத்தைப் பார்த்ததும் பன்றி என் வாயிலிருந்து வர மறுத்தது. "என் கணவர்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மரம் நல்லது செய்யும் என்று நம்பி எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து விதைத்ததை, அது கண்மாய்க்குள் இறங்கித் தண்ணீருக்கு இடமில்லாமல் செய்ததை, என் மாமனாரின் கையிலிருக்கும் முள் தழும்பை, கடைசியில் கொடியைப் பார்த்துக் கடப்பாரை எடுத்த அவர் மகனை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கன்றுகாலி வளர்க்கும் பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புல்லை மாட்டுக்கு நல்ல தீனி என்று இந்தப் பக்கம் விதைத்தவர்களில் தன் தாத்தாவும் ஒருவர் என்றார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இறங்கி வரும்போது டேல் என் பக்கத்தில் நடந்தார். அடுத்த சீசனிலும் அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் நின்று இதே கதையைச் சொல்ல வேண்டும் என்றார். செத்த கதையை விற்றுப் பிழைக்கும் ஊர் ஆயிற்றே, ஒரு குழியைக்கூட வீணாக்காது. வேலை நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை. புதுக் கன்றுகளை முத்துவே நட வேண்டும், அவை பிழைக்கும்வரை ஞாயிறுதோறும் அவரே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆக, என் வேலைக்காக ஒரு நரிக்குடிக்காரர் சீமைக்கருவேலத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். முதல் ஞாயிறு வாளியைக் கவிழ்க்கும்போது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஏதோ ஊரையே காட்டிக்கொடுத்தவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் மாமனாரின் வீடியோ கால். ஊரில் அப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும். அப்பாவின் அழைப்பை எடுக்காமல் இருக்க இவருக்குத் தைரியம் கிடையாது.

"அது என்னடா செடி? தண்ணியெல்லாம் ஊத்துற?"

"ரோசாச் செடிப்பா."

"முள்ளப் பாத்தா நம்மூரு ஆளு மாதிரில தெரியுது" என்றார் மாமனார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி இவர் போனை அணைத்தார்.

மலைப்பாதையிலிருந்து கிளம்பும்போது செருப்பைத் தேய்த்துவிட்டுப் போக அங்கே ஒரு பிரஷ் வைத்திருக்கிறார்கள். அந்தப் புல்லின் விதை யாருடனும் ஊருக்குள் வந்துவிடக் கூடாது. இவர் ஒழுங்காகத்தான் தேய்த்தார். ஆனால் வீட்டில் துவைக்கப் போட்ட காலுறையில் மெத்தென்று சில விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக ஆட்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். போடவில்லை. சமையலறை ஜன்னலில் ஒரு தொட்டியில் தூவினேன். முளைத்துவிட்டது. டேலுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன், நீங்களும் சொல்லிவிடாதீர்கள். கதிர் தலைகாட்டினால் அன்றைக்கே கத்தரித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடுகிறேன், ஒரு விதைகூட வெளியே போகாது. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் மேட்டில் இவருடைய கன்றுகளின் நீலக் கொடிகள் தெரியும். எல்லாம் பிடித்துக்கொண்டன, ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை.

இன்றைக்குக் காலையில் மாமனார் மறுபடி அழைத்தார். ரோஜா பூத்ததா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, இவர் சட்டென்று போனை ஜன்னல் தொட்டிக்குக் காட்டினார். மாமனார் கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கொழுக்கட்டப் புல்லுல்லடா! நல்லாத்தான் வந்துருக்கு" என்றார். "ஆட்டக் காட்டு, பாப்போம்."

இவர் போனை மெல்ல என் பக்கம் திருப்பினார். ஒரு கையில் கத்தரிக்கோலும் மறுகையில் ஒரு பிடிப் புல்லுமாக நின்றுகொண்டிருந்தேன்.