அத்தையின் இரண்டு விரல்கள்

என் அத்தைக்குத் தொழுநோய் வந்துவிட்டது, அது எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது மனதார நம்பினேன். சாதாரண நம்பிக்கை இல்லை. என் பம்பரத்தை யாருக்கு விட்டுச்செல்வது என்று தீர்மானிக்கும் அளவுக்கு முற்றிய நம்பிக்கை.

அத்தை, அப்பாவின் தங்கை. தாயில்லாத பெண்ணை வளர்க்க வழி தெரியாமல் தாத்தா அவரைச் சின்ன வயதிலேயே பெங்களூரில் கன்னியாஸ்திரீகளின் விடுதிப் பள்ளியில் விட்டார். அங்கே ஒரு பியானோ இருந்தது. அதைத் தொட்ட பிறகு அத்தை எங்கள் ஊரான கடத்தூருக்கு உரியவராக இல்லை. வியன்னாவரை போய்ப் படித்துவிட்டு வந்து, பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெரிய அரங்குகளில் வாசித்தார். எங்கள் ஊரில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. திருவிழாவுக்குக்கூட மாதா கோயில் ஆர்மோனியத்தைத் தொடாத கர்வக்காரி என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினார். அடுத்த மாதம் பம்பாயில் ஒரு பட்டாளம் வாத்தியக்காரர்கள் சூழ வாசிக்க வேண்டும், அதற்குமுன் கொஞ்சம் ஓய்வு என்றார். ஓய்வுக்கு வந்தவர் விடிந்ததும் எங்கள் கூடத்து மேசையில் சாக்பீஸால் பியானோ கட்டைகளை வரைந்துவைத்து, சத்தமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா சட்னிக் கிண்ணம் வைக்க இடம் தேடி அலைந்தார்.

"அத்தே, பாட்டு எங்க கேக்குது?"

"எனக்குக் கேக்குதுடா. நீ கம்முனு பாரு."

பார்த்தேன். வலது கை வேகம் எடுத்ததும் மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. அத்தை அவற்றை இடது கையால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி மடங்கின. வெங்காயம் உரிக்கும்போதும் தலை பின்னும்போதும் அதே விரல்கள் சொன்னபடி கேட்டன. மேசைக்கு வந்தால் மட்டும்தான் வம்பு.

"வூட்ல யார்கிட்டயும் சொல்லிராத கண்ணு," என்றார்.

எங்கள் பள்ளிச் சுவரில் தொழுநோய் விளக்கப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதிலிருந்த கையிலும் மடங்கியிருந்தவை அதே இரண்டு விரல்கள்! அந்த வாரம்தான் அத்தை என் கையைப் பிடித்து மேசையில் 'வாசிக்க'க் கற்றுக்கொடுத்திருந்தார். ஆக, என் கதை முடிந்தது. நோய் வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று படத்தில் எழுதியிருந்தது; சோதித்துப் பார்க்க வகுப்பில் என் கைமேலேயே உட்கார்ந்துகொண்டேன். கணக்குப் பாடம் முடிவதற்குள் கை மரத்துப்போனது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? என்னை ஒரு லாரியில் ஏற்றித் தொப்பூர் கணவாயில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஏன் தொப்பூர் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த உலகம் அங்கேதான் முடிந்தது.

அந்தக் காலத்தில் தொழுநோய் இன்ஸ்பெக்டர் பள்ளிக்கு வந்து, பையன்களைச் சட்டையில்லாமல் வரிசையில் நிறுத்திச் சோதிப்பார். என் முறை வந்தது.

"கண்ண மூடு. பஞ்சால தொடுவேன். எங்க தொட்டேன்னு சொல்லு."

"தெரியலீங்க சார்! ஒண்ணுமே தெரியலீங்க!"

"டேய், நான் இன்னும் தொடவே இல்லடா."

வரிசை முழுக்கச் சிரித்தது. நான் ஓவென்று அழுது, அவர் காதோரம் அத்தை விஷயத்தையும் கொட்டிவிட்டேன். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப்போய், "எந்த வெரலுடா?" என்று கேட்டார். காட்டினேன். அவர் முகம் மாறியது.

சாயங்காலம், தெருவுக்குச் சந்தேகம் வராதபடி, தண்ணீர் கேட்பவர்போலச் சைக்கிளில் வந்து இறங்கினார். விஷயத்தை மெதுவாகச் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார். அத்தை மேசைமுன் உட்கார்ந்து வலது கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பஞ்சால் தொட்டார், முழங்கை எலும்பின் பின்னால் நரம்பை உருட்டிப் பார்த்தார்.

"நரம்பு தடிக்கல. தேமல் இல்ல. உணர்ச்சி நல்லாருக்குது. அந்த வியாதி உங்களுக்கு இல்லீங்கம்மா."

"இன்னொரு தடவ பாருங்க சார்," என்றார் அத்தை.

"நல்லா பாத்துட்டனுங்க. இல்லவே இல்லீங்க."

"இருந்திருந்தா?"

"அதுக்குத்தான் இப்ப நல்ல மாத்திரை வந்துருக்குதுங்களே. காலத்துல பாத்துட்டா சரிபண்ணிரலாம்."

"அப்ப இதுக்கு?"

இன்ஸ்பெக்டர் பஞ்சைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "இது என்னன்னே எனக்குத் தெரியலீங்கம்மா."

அவர் போனதும் அம்மா மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றினார். கடையிலிருந்து வந்த அப்பா, "ஊரையே கூட்டப் பாத்தியேடா, போக்கிரி!" என்று என் காதைத் திருகிவிட்டு, பிறகு தானும் சிரித்துவிட்டார். சாவிலிருந்து தப்பிய நான் கூடத்தில் குதித்துக்கொண்டிருந்தேன். அத்தை மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று எண்ணி, பின்னாலிருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அத்தே, நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன்.

நோய் இல்லை என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் உடைந்துபோக முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பம்பாயில் அத்தைக்குப் பதிலாக வேறொருவர் வாசித்தார். அத்தை பெங்களூரிலும் வேலூரிலும் பல மருத்துவர்களைப் பார்த்தார். கையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதன்பின் அவர் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை.