இறக்காமத்து வரம்பில் ஓர் ஒத்திகை

ஊடகப் பாடத்தின் கடைசிப் பரீட்சைக்கு நாங்கள் ஒரு பாடல் காணொளி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் மூன்று பெண்கள். பாடப்போகிறவள் கல்முனைக் கடற்கரையைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை. அவளுடைய அப்பா மீன்பிடிக்கிறவர். பாட்டை எழுதியவள் எங்கள் முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில் பக்கத்துத் தெருக்காரி, வாய் ஓயாமல் பகிடி விடுகிறவள். கெமரா என் பொறுப்பு. கெமரா என்று சொன்னாலும் அது என் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், அவருடைய கைபேசிதான்.

"உண்மையா எடுக்கிறதுக்கு முந்தி ஒருக்காப் போய் ஒத்திகை எடுத்துப் பாருங்க. பிழைக்கிறதெல்லாம் அங்கேயே பிழைக்கட்டும்" என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார்.

வயலைப் பற்றிய பாட்டு. ஆகவே இறக்காமத்தில் இருக்கும் என் சாச்சாவின், வாப்பாவின் தம்பியின், வயலுக்குப் போவதென்று முடிவாயிற்று. காக்கா தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிப்போனார். பாடுகிறவளை வீட்டில் ஏற்றும்போது அவளுடைய அப்பா படலையடிக்கு வந்து, "கவனமாக் கூட்டிட்டு வாங்க புள்ள" என்று என்னிடம்தான் சொன்னார்.

நெல் கதிர் விட்டிருந்தது. நீளமான ஒரு வரம்பு, அதன் அந்தலையில் புதர் மண்டிய பற்றைக்காடு. காக்கா ஆட்டோவை வாய்க்கால் ரோட்டில் நிறுத்திவிட்டு, "இது ஆனை வாற பக்கம். வெயில் தாழ முந்தி வெளிக்கிட்டிரணும்" என்றார்.

"வந்தா அதுக்கும் ஒரு சீன் குடுப்பம் காக்கா" என்றாள் பாட்டெழுதியவள். எல்லோரும் சிரித்தோம்.

பாடுகிறவள் பற்றைப் பக்கமிருந்து வரம்பு வழியே பாடியபடி என்னை நோக்கி நடந்து வர வேண்டும். பாட்டெழுதியவள் என் காலடியில் குந்தியிருந்து ஸ்பீக்கரில் பாட்டைப் போட வேண்டும். வயல்வெளியில் சத்தம் எடுபடாது என்று ஸ்பீக்கரை முழுதாகக் கூட்டி வைத்திருந்தோம். அதற்கு மேலால் கத்தினாலும் கேட்காது. அதனால் கைச்சைகை பழகிக்கொண்டோம். உள்ளங்கையை உயர்த்தி மெல்ல அசைத்தால், "வந்துகொண்டே இரு, எங்கும் பார்க்காதே" என்று அர்த்தம்.

முதல் தடவை அவள் வழுக்கி விழுந்தாள். அடுத்த தடவை காற்று முந்தானையை முகத்தில் அடித்தது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. மஞ்சள் வெயில் அவள் கன்னத்தில் விழுந்திருக்க, கண்ணைப் பாதி மூடிச் சிரித்தபடி வந்தாள். திரையை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்போது அவளுடைய தோளுக்குப் பின்னால் பற்றையின் நிழல் அசைந்தது. கை ஆடிவிட்டது என்றுதான் நினைத்தேன். தெளிவில்லாமல் தெரிந்த அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தேன். திரை ஒரு கணம் மங்கித் தெளிந்தது. காது ஒன்று விசிறி போல ஆடியது.

திரையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். நேரில் அது இன்னும் கிட்ட நின்றது. தனி ஆனை. வரம்போரத்துக் கதிரைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் அவள். அவளுக்கு எதுவும் தெரியாது.

கத்த வேண்டும் போலிருந்தது. பாட்டுச் சத்தத்தில் கேட்காது. கேட்டாலோ அவள் திரும்புவாள். திரும்பினால் ஓடுவாள். ஓடினால்? அதற்கு மேல் நினைக்க முடியாமல், படலையடியில் நின்ற அவளுடைய அப்பாவின் முகம் வந்து முன்னால் நின்றது.

என் முகத்தைப் பார்த்த பாட்டெழுதியவளும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பதறிப் போய் பாட்டை நிறுத்திவிட்டாள். திடீரென்று வயல் முழுக்க அமைதி. மென்றுகொண்டிருந்த ஆனை மெல்லுவதை நிறுத்தித் துதிக்கையைத் தூக்கியது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

எப்படி வந்ததென்று தெரியவில்லை, என் கை தானாக உயர்ந்தது. உள்ளங்கையை மெல்ல அசைத்தேன்.

பாட்டில்லாமல் நடக்கச் சொல்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். விட்ட இடத்திலிருந்து தன் சொந்தக் குரலில் பாடிக்கொண்டே நடந்தாள். அவள் வைத்த ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனை அசையாமல் நின்றது.

கிட்ட வந்ததும், "பெட்டரி முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

மணிக்கட்டைப் பிடித்தேன். "கதைக்காத. திரும்பாத. ஆட்டோக்கு நட."

அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். ஆனால் கத்தவில்லை, என் கையை இறுக்கினாள், அவ்வளவுதான். எழும்ப முடியாமல் போனது பாட்டெழுதியவளுக்கு. "எனக்குக் கால் வருகுதில்ல" என்று முணுமுணுத்தாள். ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்து அவளை இழுத்துக்கொண்டு போனோம். செருப்புகள் சேற்றில் புதைந்து போயின.

நாங்கள் ஆட்டோவை எட்டும்போது, தூரத்துக் காவல் பரணில் இருந்தவர்கள் ஆனையைக் கண்டு வெடி கொளுத்தினார்கள். வெடிச் சத்தம் அதை எங்கள் பக்கம் திருப்பிவிட்டது. கதிர்கள் மிதிபட்டு முறியும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. ஆட்டோவோ முகத்தைக் காட்டுப் பக்கம் வைத்து நின்றது. அந்த ஒடுக்கமான ரோட்டில் திருப்ப இடமில்லை.

"ஏறுங்க! ஆரும் அசையப்படாது" என்றார் காக்கா.

பாட்டெழுதியவள் வாயில் கலிமா. மற்றவள், "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்றுகொண்டிருந்தாள். இருவரின் நகங்களும் என் இரண்டு கைகளிலும் பதிந்தன. ஆட்டோவின் முன்கண்ணாடி முழுவதும் சாம்பலாகிப் போனது. சேறும் சாணமும் கலந்த ஒரு வாடை அடித்தது. பிறகு கண்ணாடியில் வெளிச்சம் திரும்பியது. ஆனை வாய்க்காலைக் கடந்து குளத்துப் பக்கம் இறங்கிவிட்டது.

காக்கா உடனே ஆட்டோவை எடுக்கவில்லை. போத்தல் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டார்.

கைபேசி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. வகுப்பில் அதைப் பார்த்த விரிவுரையாளர் முதலில் எங்களைத் திட்டினார். பிறகு, "ஆனாலும் இந்தத் துண்டு அபூர்வம். இதையே போடலாம்தான்" என்றார்.

"வேணாம் சேர்" என்றாள் பாடுகிறவள். "அதில நான் சிரிச்சிட்டு வாறன்."

அதற்குப் பிறகு எங்களில் யாரும் அந்தத் துண்டைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஒத்திகையில் பிழைத்தவற்றை எழுதச் சொன்னார்கள். ஆட்டோவைப் போகிற திசைக்குத் திருப்பி நிறுத்த வேண்டும், பாட்டைப் பாடுகிறவளின் காதில் மட்டும் ஒலிக்க விட வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். கெமராவைப் பார்க்காத ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பதைக் கடைசியாக எழுதி அடிக்கோடிட்டேன்.

உண்மையான படப்பிடிப்பைக் கல்முனைக் கடற்கரையில், அவளுடைய வீட்டுக்கு முன்னால், காலை வெயிலில் வைத்தோம். வயல் பாட்டைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினோம். கைபேசியைப் பாட்டெழுதியவளிடம் கொடுத்தேன். அது ஆனை வராத இடம், ஆள் நடமாட்டமுள்ள இடம். ஆனாலும் அவர்கள் எடுத்து முடிக்கும்வரை நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தோணிகளையும் நாய்களையும் தென்னைகளின் இடைவெளிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.