களை பிடுங்கிய மருந்துத் தோட்டம்

பலகைகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை, கரிசலாங்கண்ணி என்று மாணவர்கள் தகரத்தில் பெயின்டால் எழுதி நட்ட பலகைகள். பலகைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய செடிகளைக் காணோம். ஈரச் செம்மண், மெழுகிய வாசலைப் போல அத்தனை சுத்தமாகக் கிடந்தது. மறுநாள் காலையில் ஆய்வுக்குழு வருகிறது. வேனை விட்டு இறங்கிய பிரின்சிபால் அம்மா அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், செங்கல் சூளை, சூரத்தில் சாயப்பட்டறை என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. பட்டினி கிடந்ததுண்டு. லாரிக்கு அடியில் படுத்து மழையில் நனைந்ததும் உண்டு. அதெல்லாம் அந்தந்த ஊரோடு போயிற்று. சொந்த ஊரான கோலியனூருக்குத் திரும்பி வந்தபோது கையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு, திண்டிவனத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த மருந்தியல் கல்லூரியில் வேன் ஓட்டச் சேர்ந்தேன்.

கல்லூரி என்றால் அப்போது நெல் மண்டிக்கு மேல்மாடிதான். டி.ஃபார்ம் என்ற இரண்டு வருட டிப்ளமா ஒன்றுதான் இருந்தது. கீழே மூட்டை பிரித்தால் உமித்தூசி மாடி ஏறி வந்து ஆய்வுக்கூடத் தராசில் உட்காரும். ஒரு சிட்டிகை மருந்தை நிறுக்கும் தராசு அது. தூசியையும் சேர்த்து நிறுத்துவிடும். பிரின்சிபால் அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, “பாய், கொஞ்ச நேரம் மூட்டையத் தொடாதீங்க, பசங்க மருந்து நிறுத்துக்கினு இருக்காங்க” என்பார். மண்டிக்காரரும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போய்விடுவார். புதுச்சேரியில் பெரிய மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த மாடிக்கு வந்தவர் அம்மா. அதைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை.

பிறகு அறக்கட்டளைக்காரர்கள் விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையோரம் நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பினார்கள். பி.ஃபார்ம் என்ற நான்கு வருடப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தார்கள். அதற்கு ஆய்வுக்கூடம், நூலகத்தோடு மருந்துச் செடித் தோட்டமும் இருந்தாக வேண்டும். இந்த முறை அனுமதி வராவிட்டால் இடத்தை மனை போட்டு விற்றுவிடுவோம் என்று தலைவர் சொல்லியிருந்தார். டிப்ளமா முடித்த பிள்ளைகள் வேறெங்கும் சேராமல் அம்மாவை நம்பிக் காத்திருந்தார்கள்.

ஆய்வுக்கு முந்தின நாள் அம்மாவை விழுப்புரத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அந்த நேரத்தில் கல்லூரி மேனேஜர், எங்கள் ஊரிலிருந்து களையெடுக்கும் பெண்களை வரவழைத்து, வளாகத்தில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார். கொல்லையில் எதையெல்லாம் வருடம் முழுக்கப் பிடுங்கி எறிகிறார்களோ, அதையெல்லாம் இங்கே வரிசை கட்டி வளர்த்திருந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? துளசியை மட்டும் தொடவில்லை. மற்றதையெல்லாம் வேரோடு எடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களைக் கூட்டி வந்த அக்கா பெருமையாக எழுந்து வந்தார். “பலக வச்சும் யாரும் கவனிக்கலியேம்மா. ஒரே களையா மண்டிக் கெடந்துச்சு.”

பிடுங்கியதை எங்கே போட்டீர்கள் என்று அம்மா மெதுவாகக் கேட்டார். வாட்ச்மேனுடைய ஆடுகளுக்குப் போட்டுவிட்டார்களாம். அம்மா நெற்றியில் கை வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது, பார்த்தால் சிரிப்பு. “அவ்ளோ கீழாநெல்லியும் தின்னுச்சா? அப்ப அந்த ஆட்டுக்கு இனி ஆயுசுக்கும் காமால வராது” என்றார்.

விஷயம் புரிந்ததும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம்தான். இந்தச் சனியன்கள்தான் வேண்டுமென்றால் தன் மல்லாட்டைக் கொல்லையில் வண்டி வண்டியாகக் கிடக்கிறது என்றார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. பெண்களையும் மாணவர்களையும் ஏற்றிக்கொண்டு கோலியனூருக்கு வேனை விரட்டினேன். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நின்று ஒவ்வொரு செடியையும் பார்த்துச் சொல்ல, பெண்கள் மண்ணோடு பெயர்த்துக் கொடுக்க, பிள்ளைகள் அன்னக்கூடையில் அடுக்கினார்கள். இதையும் மருந்தென்று காசு கொடுத்தா படிக்கிறீர்கள் என்று ஒரு பெண் கேட்க, கொல்லையே சிரித்தது. வாழ்நாளில் முதல் தடவையாகக் களையை வலிக்காமல் எடுக்கிறோம் என்றார் அக்கா. பொழுது சாய்வதற்குள் திரும்பிவந்து, பலகைக்குப் பலகை நட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.

மறுநாள் வந்த குழுவில் மூத்தவர் கறாரான மனிதர். செடிகளின் வாட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஆய்வு நாளைக்கு மட்டும் நர்சரியிலிருந்து தொட்டிகளை வாடகைக்கு எடுத்துவந்து தோட்டம் காட்டும் கல்லூரிகள் உண்டு. இதுவும் வாடகைதானா என்று கேட்டார். அம்மா நடந்ததை நடந்தபடியே சொன்னார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்ற வந்திருந்த அக்கா குடத்தை இறக்கினார்.

“களைக்குப் போயி எவனாச்சும் வாடக குடுப்பானாங்க?”

மூத்தவரின் உதடு ஓரத்தில் அசைந்தது. பலகைகளையெல்லாம் பிடுங்கச் சொன்னார். மாணவர்களை ஒவ்வொருவராக வரிசைக்குள் அனுப்பி, என்ன செடி, எந்தப் பாகம் மருந்து, எதற்கு என்று கேட்டார். முந்தின நாள் தங்கள் கையால் எடுத்துத் தங்கள் கையால் நட்ட செடிகள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. கடைசிப் பெண் சொல்லி முடித்தபோது, “போதும், பலகைய நட்டுடுங்க” என்றார் அவர்.

அனுமதி வந்த அன்று அம்மா எங்கள் ஊருக்கே நேரில் போய் அக்காவிடம் சொன்னார். அதன்பிறகு நான் மறுபடி ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டேன். இப்போது அங்கே எம்.ஃபார்ம் இருக்கிறது, ஆறு வருடம் படிக்கும் ஃபார்ம்.டி இருக்கிறது, நாலு மாடியும் லிஃப்டும் இருக்கின்றன. அம்மா ஏற்படுத்திய வழக்கம் ஒன்றும் இருக்கிறது. மல்லாட்டைக்குக் களையெடுக்கும் சமயத்தில் முதல் வருடப் பிள்ளைகள் கோலியனூர் கொல்லைகளுக்குப் போய், பெண்களோடு குனிந்து களையெடுத்து, தோட்டத்துக்கு வேண்டியதை எடுத்து வரவேண்டும்.

ஊர் சுற்றி அலுத்துத் திரும்பிவிட்ட நான்தான் இந்த வருடம் அந்தப் பேருந்தை ஓட்டினேன். ஓய்வு பெற்றுவிட்ட அம்மாவும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்த அக்காவோடு வரப்பில் பேசிக்கொண்டிருந்தார். கொல்லை நடுவிலிருந்து ஒரு பையன், ஒரு கட்டுச் செடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக வந்தான். தான் எடுத்ததுதான் இருப்பதிலேயே பெரிய கட்டு என்றான். வேரில் பிஞ்சு பிஞ்சாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

“அடப்பாவி, மல்லாட்டையப் புடுங்கிக்கினு வந்து நிக்கிறியே கண்ணு” என்று அக்கா தலையில் கை வைத்தார்.

அம்மா அவர் தோளில் சாய்ந்து சிரித்தார். “விடுக்கா. உனக்கும் எனக்கும் இன்னியோட சரியாப் போச்சு.”