கயிறு தொடாத செல்லமுத்து

கடைசி மூட்டை லாரியில் ஏறியதும் செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நழுவிவிடுவார். தியாகதுருகம் மக்காச்சோள மண்டியில் அவரளவுக்கு மூட்டை தூக்க ஆளில்லை. லோடு மேல் கயிறு போட்டு இறுக்குகிற வேலை மட்டும் ஆகாது. "கயித்த நீங்களே கட்டிக்கோங்கப்பா, எனுக்குக் கை வராது" என்பார்.

அவர் இடுப்பில் அரைஞாண் கயிறுகூடக் கிடையாது. சட்டையைக் கழற்றினால் உடன் வேலை செய்கிறவர்கள் விடமாட்டார்கள். "இன்னா மாமா, தங்கத்துல செஞ்சி வூட்ல பூட்டி வெச்சிக்கினு கீறியா?" என்று சீண்டுவார்கள். "ஆமாண்டா, உன் கல்யாணத்துக்குப் போட்டுக்கினு வர்றேன்" என்று சிரித்து, டீயில் பன்னை நனைப்பார். கோபப்படவே தெரியாத மனிதர்.

பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கும் எனக்குக் காரணம் தெரியும். ஒரு நாள் மழைக்குக் கடையில் ஒதுங்கியபோது அவரே சொன்னார். மழை பொய்த்த வருஷம், சினேகிதர் தமிழரசனைக் கடலோரத்துக்கு மீன்பிடிப் படகு வேலைக்குக் கூட்டிப் போனவர் இவர்தான். தமிழரசனுக்கு நீச்சல் தெரியாது. நம் பக்கம் கிணற்றில் தூர் வார இறங்குகிறவனுக்கு இடுப்பில் கயிறு கட்டித்தானே இறக்குவோம்? அதே நினைப்பில் படகிலும் கட்டிவிட்டார். இறங்கிக்கொண்டிருந்த வலையில் கயிறு சிக்கி, ஆளைக் கடலுக்குள் இழுத்துவிட்டது. தமிழரசனின் மனைவி சாலம்மாளிடம் அலை அடித்துவிட்டதாகச் சொன்னார். இத்தனை வருஷமாக அந்த அம்மா நம்பியது அதைத்தான். பாவம், செல்லமுத்து எப்படித்தான் தூங்குகிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் கள்ளக்குறிச்சி தியேட்டரில், பிழைக்கப் போனவர்களைப் பற்றி ஒரு கடலோரத்துப் படம் வந்தது. "அவுரு வேல செஞ்ச மாரி எடமாம், கூட்டிக்கினு போ தம்பி" என்று சாலம்மாள் கேட்டார். தட்ட முடியாமல், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார் செல்லமுத்து. படம் முழுக்கக் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது தனியார் பஸ்ஸில் கூட்டம். சாலம்மாளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம்.

"ஏன் தம்பி, படத்துல ஒருத்தரும் இடுப்புல கயிறு கட்டலியே. கெணத்துல எறங்கறவனுக்கே கட்டுறோம். நீ அவுருக்கு ஒரு கயிறு கட்டி வுட்டிருந்தா பொழைச்சிருப்பாரில்ல?"

சாலம்மாள் குறையாகக் கேட்கவில்லை, ஆற்றாமையில் கேட்டார்.

"கட்னேன் அண்ணி" என்றார் செல்லமுத்து. "நான்தான் கட்னேன். அந்தக் கயிறுதான் வலையோட இழுத்துக்கினு போச்சி. அலைன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

சாலம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்லமுத்துவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா, தியாகதுருகமா?"

என் டிக்கெட்டை நான் எடுத்துக்கொண்டேன். செல்லமுத்து சட்டைப்பையில் கைவிட்டார். அதற்குள் அந்த அம்மா நோட்டை நீட்டி, முகத்தைத் திருப்பாமலே, இரண்டு விரல்களைக் காட்டினார்.