சோற்றுக்கைக்கு ஓய்வு

என் மருமகள் செங்கல்லைத் தொடாமலே வீடு கட்டுகிறவள். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. சுவர், கதவு, படிக்கட்டு எல்லாம் அவள் கம்ப்யூட்டரில் கோடாக இழுத்த பிறகுதான் மற்றவர்கள் கடைக்கால் தோண்டுவார்கள். அங்கே அவளுக்குக் 'கோடு அக்கா' என்றே பெயர். அவள் போட்ட கோட்டை எந்தக் கொத்தனாரும் தாண்டியதில்லை.

ஒருநாள் காலையில் தண்ணீர் டம்ளர் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெருவிரல் பக்கம் சுள்ளென்று இழுத்தது. நாள் முழுக்க மௌஸைப் பிடித்து இழுத்த வினை என்றார் டாக்டர். பட்டை கட்டிவிட்டு, அதே மாதிரி பிடித்தால் அதே மாதிரிதான் வலிக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அலுவலக மேலாளர் கெட்ட மனுஷர் இல்லை. வாசலில் வருகிறவர்களை விசாரிக்கிற இடத்துக்கு மாறிக்கொள், போன் எடுத்தால் போதும் என்றாராம். கையிலிருக்கிற பள்ளிக்கூட வரைபடத்தை முடிக்க முடியாவிட்டால் அந்த நாற்காலிதான் என்றும் சொல்லிவிட்டார்.

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும்.

"கோடு போடத்தான் படிச்சேன் அத்தை, வாசல்ல உக்கார இல்ல" என்றாள்.

என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். முதலில் ஒரு நிற்கிற மௌஸ் காட்டினார்கள். கைகுலுக்குகிற மாதிரி பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு முறுக்காது என்பது நிஜம்தான், ஆனால் இவள் கை சின்னது, விரல் பொத்தானுக்கு எட்டவில்லை. அடுத்தது தலையில் உருண்டை வைத்தது. அதை நகர்த்தவே வேண்டாம், பெருவிரலால் உருட்டினால் போதுமாம். வலியே அந்த விரலில்தானே! நொண்டிக் காலைப் பார்த்து ஓடச் சொன்ன கதை.

கடைக்காரர், பழகிவிடும் என்றார்.

"வலியும் பழகிடும்ங்க, அதான் பயம்" என்றாள் இவள்.

கடைசியில் எடுத்தது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு சாதாரண மௌஸ். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கீபோர்டுக்கு இடது பக்கம் வைத்தாள். வலது ஓரத்தில் எண்கள் தனிக்கட்டாக உட்கார்ந்து இடத்தை அடைக்கின்றன, அதைத் தாண்டி எட்டி எட்டித்தான் தோளும் கையும் கெட்டது, இந்தப் பக்கம் வைத்தால் உடம்போடு ஒட்டி இருக்கும் என்று விளக்கினாள். என் மகனுக்குச் சிரிப்பு.

"நொட்டாங்கையில வீடு கட்டினா வாசல் பின்பக்கம் வந்துடும்டி" என்றான்.

"சோத்துக்கை சோத்துக்கு இருக்கட்டும். கோடு போட இன்னொரு கை சும்மாதானே இருக்கு?"

அந்தக் கை லேசில் மசியவில்லை. கோடு பாம்பாக நெளிந்தது. சுவர்கள் குடித்துவிட்டு நடந்தன. கை பழகட்டும் என்று கரண்டியையும் இடது கையில் பிடித்தாள், அடுப்பெல்லாம் சிதறல். போதும் விடும்மா என்றேன். காதிலேயே வாங்கவில்லை. பிடிவாதத்தில் இந்த வீட்டில் எனக்குத்தான் முதலிடம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கோடு நேராக வரத் தொடங்கியதும் அலுவலகத்திலும் அதை இடது பக்கம் வைத்து, மௌஸின் இரண்டு பொத்தான்களையும் இடம் வலமாக மாற்றி வைத்துக்கொண்டாளாம். வரைபடம் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க மேலாளரே ஒருநாள் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பழக்கத்தில் அவர் இடது பொத்தானை அழுத்த, கோடு வராமல் ஏதோ பட்டியல் விரிந்ததாம். மறுபடி அழுத்தினாலும் பட்டியல்தான்.

"என்னம்மா இது, தொட்டதுக்கெல்லாம் பட்டியல் நீட்டுது?"

"அது இப்ப நொட்டாங்கை மிஷின் சார். எழுந்திருங்க, காட்டுறேன்."

இடது கை கோட்டை இழுக்க, அதே நேரம் வலது கை நோகாமல் கீபோர்டின் வலது ஓரத்து எண்களில் அளவைத் தட்டியது. முன்பெல்லாம் ஒரே கைதான் மௌஸுக்கும் எண்ணுக்கும் ஓடி ஓடி அலுத்தது. இப்போது நடுவில் நிற்காமல் படிக்கட்டு மேலே ஏறிக்கொண்டே போனது. மாடி வருகிறவரை மேலாளர் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிறகு, வாசலுக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கூட வரைபடம் முடிந்த அன்று சாப்பிட உட்கார்ந்தோம். அவள் டம்ளரைச் சோற்றுக்கையாலேயே எடுத்தாள். நழுவவில்லை.

"பார்த்துக்கோடா, வாசல் முன்பக்கமேதான் வந்திருக்கு" என்று மகனிடம் நான்தான் சொன்னேன்.